நாலு செகண்ட்

பாஸ், ஒரு குட்டி டெஸ்ட்.

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படம். அதில் 'இளைய நிலா' பாட்டு. பாடினது யாரு? எஸ்.பி.பி. எழுதினது? வைரமுத்து. மியூசிக்? முறைக்காதீங்க, இளையராஜாதான். ஸ்கிரீனில் பாடுறது? மோகன். சபாஷ், ஃபுல் மார்க். இப்போ கடைசிக் கேள்வி. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துதே ஒரு கிடார்... அதை நிஜமாகவே வாசித்தது யாரு?

என்ன, சத்தத்தையே காணோம்!

அவர் பெயர் ஆர்.சந்திரசேகர். இளையராஜா குழுவின் கிடாரிஸ்ட். அதே குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு கண்டக்டராகவும் இருந்த புருஷோத்தமனின் சகோதரர். காலேஜ் கல்ச்சுரல்ஸில் கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறுகிற எல்லாருமே அந்த வாசிப்பை ஒரு தடவையாவது ட்ரை பண்ணி பல்பு வாங்கியிருப்போம். ஆனா, பெயர் தெரியாது. எனக்கும் பதினெட்டு வயசு வரைக்கும் தெரியாது. சொன்னவர் என் கிடார் மாஸ்டர். இந்தக் கட்டுரை அவரைப் பத்தினது. அவரை நான் எப்படி அவமானப்படுத்தினேன் என்பதைப் பத்தினதும்கூட.

பொள்ளாச்சிக்காரனுக்கு சினிமா ஒண்ணும் அதிசயம் இல்லீங்க. 'தேவர் மகன்' காலத்தில் இருந்தே எங்க பக்கம் யூனிட் வண்டி நிற்காத மாசம் கம்மி. மாட்டுச்சந்தைக்குப் போகிற கூட்டமும் ஷூட்டிங் பார்க்கப் போகிற கூட்டமும் ஒரே ரோட்டில் போகும். நான் எட்டாவது படிக்கும்போது ஆனைமலை ரோட்டில் எங்க பங்காளி தோப்பில் ஒரு பாட்டு எடுத்தாங்க. ஹீரோ கையில் பளபளனு ஒரு கிடார். நாகரா ஸ்பீக்கரில் பாட்டு அலறுது. நான் ஹீரோயினைப் பார்க்காமல் (நம்புங்க!) ஹீரோவின் இடது கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மம்பட்டிக் காம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். ஒரு விரல்கூட நகரலை. ஸ்பீக்கரில் கிடார் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுது.

"அப்போ இதை வாசிக்கிறது யாருங்கப்பாரு?" என்று பக்கத்தில் நின்ற தாத்தாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் மெட்ராஸ்ல வாசிப்பாங்க கண்ணு. படம் புடிக்கத்தான் நம்மூரு" என்று சொல்லிவிட்டு யூனிட்டுக்கு எளநி வெட்டப் போய்விட்டார்.

2005. இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். கோட்டூர் ரோட்டில் ஒரு சந்துக்குள் பாதி அழிந்துபோன போர்டு: 'கிடார் கற்றுத் தரப்படும்'. உள்ளே அறுபதை நெருங்குகிற ஒரு மனிதர். லுங்கி, முண்டா பனியன், மூக்குக் கண்ணாடியின் உடைந்த காம்புக்கு ரப்பர் பேண்ட். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பார். முகூர்த்த நாளில் லைட் மியூசிக் ட்ரூப். மிச்ச நேரத்துக்கு எங்களை மாதிரி பசங்க.

"என்ன கத்துக்கணும்?"

"கேம்ப்ஃபயர்ல வாசிக்கிற மாதிரி நாலு பாட்டு போதுங்க மாஸ்டர்."

கேம்ப்ஃபயர் யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. பெரிய மனுஷன். "வீட்ல தோப்பு இருக்குதா?" என்றார். இருக்குங்க என்றேன். "அப்ப கிடாரை அந்த மூலைல வெச்சுட்டு வண்டிய எடு."

எங்க தோப்பில் ஒரு வரிசையின் முதல் மரத்தடியில் என்னை நிறுத்தினார். "ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்குப் போறதுக்குள்ள நாலு எண்ணணும். முதல் நாலு மரம் ஏ. அடுத்த ரெண்டு மரம் டி. மறுபடி ரெண்டு மரம் ஏ. அப்புறம் ஒரு மரம் ஈ, ஒரு மரம் டி, கடைசி ரெண்டு மரம் ஏ. பன்னெண்டு ஆச்சா? திரும்பி முதல் மரத்துக்கு வா. நட!"

நடந்தேன். ஏ, டி, ஈ என்று கத்திக்கொண்டே ஒரு மணி நேரம் தோப்புக்குள் நடந்தேன். தேங்காய் போட வந்தவர், "பையனுக்கு என்னாச்சுங்க?" என்று அப்பாவிடம் கவலையாக விசாரித்தார். "என்னமோ கார்டு கத்துக்கறானாமா. ரேஷன் கார்டு தெரியும், இது என்ன கார்டோ" என்றார் அப்பா.

அதுதான் ப்ளூஸ். பன்னிரண்டு பார், மூன்றே மூன்று கார்டு. அமெரிக்காவின் தெற்கில், பருத்திக் காட்டில் முதுகொடிய வேலை செய்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை. ராபர்ட் ஜான்சன் என்று ஒருத்தர். 1936-லும் 37-லும் ரெக்கார்ட் பண்ணியது மொத்தமே 29 பாட்டு. 1938-ல் 27 வயசில் செத்துப்போனார். அந்த 29 பாட்டைக் கேட்டுத்தான் பின்னால் வந்த பெரிய பெரிய ராக் கிடாரிஸ்ட்களே விரல் பழகினார்கள். நாம் ஹெட்போனில் கேட்கும் ராக்கில் பாதி, இந்தப் பன்னிரண்டு மரத்து நிழலில்தான் நிற்கிறது.

மாஸ்டர் அதைச் சொல்லிக் கொடுத்த விதமே தனி. "நம்மூர்ல அண்ணன்மார் கதையை உடுக்கை அடிச்சுப் பாடுவாங்கள்ல... ஒருத்தர் ஒரு அடி பாடுவாரு. பின்பாட்டுக்காரர் அதுக்கு எடுத்துக் குடுப்பாரு. ப்ளூஸும் அதேதான். வாய் ஒரு வரி பாடும், கிடார் பதில் சொல்லும். அடுத்தவன் பேசறதக் காது குடுத்துக் கேக்கத் தெரியாதவனுக்கு இது வராது."

அப்புறம் அந்த நடு சுரம். நம்ம சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஒரு இடம் இருக்கு. கிடாரில் அதுக்குக் கட்டம் கிடையாது. கம்பியை விரலால் தள்ளித்தான் அங்கே போய்ச் சேரணும். சரியாகத் தள்ளினால் அழுகை. கொஞ்சம் கூடிப்போனால் அபஸ்வரம். ஆறு மாசம் நான் அந்த ஒரு இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். ராத்திரி ஆத்தா தூங்கணுமே என்று பிக் இல்லாமல் கட்டைவிரலால் தட்டுவேன். ஜாஸ் மேதை வெஸ் மான்ட்கோமரியும் இப்படித்தானாம்! பகலெல்லாம் ஃபேக்டரி வேலை. ராத்திரி பிராக்டீஸில் யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது என்று கட்டைவிரலால் வாசிக்க ஆரம்பித்து, கடைசியில் அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. மாஸ்டர் இதைச் சொன்ன அன்று எனக்கு ரெண்டடி உயரம் கூடிவிட்டது. வெஸ்ஸும் நானும் ஒண்ணு!

சரி, கோட்டூர் ரோட்டுக்கு ஜாஸும் ப்ளூஸும் எப்படி வந்தது? வால்பாறையில் இருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தது. மாஸ்டரின் அப்பா டீ எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. எஸ்டேட் கிளப்பில் டிசம்பர் டான்ஸுக்கு வாசிக்க ஒரு பேண்ட் வரும். அதில் பியானோ வாசித்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன் கையில் கிடாரைக் கொடுத்து, "என் இடது கை என்ன பண்ணுதோ, அதை நீ பண்ணு" என்றாராம். அப்படி ஆரம்பித்தவர் எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸ் போய், தொண்ணூறுகளின் ஆரம்பம் வரை கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் செஷன் வாசித்தார். அப்புறம் புரோகிராமிங் வந்தது. முப்பது பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரு கீபோர்டு உட்கார்ந்தது. ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு சாயங்காலம் நானும் ரெண்டு நண்பர்களும் அவரோடு டீக்கடையில் நிற்கிறோம். ரேடியோவில் ஒரு பழைய பாட்டு. முதல் சரணத்துக்கு முன்னால் வயலின் எல்லாம் அடங்கி, ஒரு கிடார் மட்டும் தனியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சரியாக அந்த இடத்தில் மாஸ்டர் டீ கிளாஸில் இருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

"இது நான்."

மொத்தம் நாலு செகண்ட் இருக்கும். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். வண்டியில் திரும்பும்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். 'மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆளுங்களோட வாசிச்சேன்' என்று கதை விடாத லைட் மியூசிக்காரர் உண்டா? அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் பெயர் 'நாலு செகண்ட்'. "டேய், நாலு செகண்ட்கிட்ட கிளாஸ் எத்தனை மணிக்கு?" இப்படி. ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நானே இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால், உள்ளே அவர் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து கிடாருக்கு ட்யூன் பிடித்தார். அன்று ட்யூன் பிடிக்க ரொம்ப நேரமானது.

அது எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஆதாரம் கேட்பீர்கள். ஆதாரம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. இந்தத் தொழிலின் லட்சணமே அதுதான்.

செஷன் கிடாரிஸ்ட் என்றால் யாரு? பேண்ட் கிடையாது, மேடை கிடையாது. கூப்பிட்ட ஸ்டூடியோவுக்குப் போய், கொடுத்த பேப்பரில் இருப்பதை வாசித்து, கால்ஷீட்டுக்கு உண்டான சம்பளத்தை வாங்கிக்கொண்டு வருகிறவர். இளையராஜாவே அப்படித்தான் இருந்தார் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பண்ணைப்புரத்தில் இருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் வெஸ்டர்ன் கற்று, லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிகல் கிடார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கிய மனுஷன். ஆனாலும் 1976-ல் 'அன்னக்கிளி' வரும்வரை மற்றவர்கள் பாட்டுக்கு கிடார் வாசித்தார். சலில் சௌத்ரிக்கு வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். நாற்காலியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் என்பதால்தானோ என்னவோ, அவர் பாடல்களில் கிடாருக்கு எப்போதும் ஒரு மரியாதை இருக்கும். சந்திரசேகர், சதானந்தம், பேஸ் கிடாரில் சசிதரன்... இவர்கள் விரல் படாத எண்பதுகளை நினைத்துப் பாருங்கள். பாதிப் பாட்டு மொட்டையாக நிற்கும்.

இதில் ஜாஸ் எங்கே வந்தது என்கிறீர்களா? உலகம் முழுக்க செஷன்காரர்கள் பலர் வந்த வழியே அதுதான். பம்பாயில் கோவாக்காரர்கள் ராத்திரி ஹோட்டலில் ஜாஸ் வாசித்துவிட்டுப் பகலில் சினிமா ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் 'ரெக்கிங் க்ரூ' என்று பிற்காலத்தில் பெயர் வாங்கிய கூட்டம். அதில் டாமி டெடெஸ்கோ, கரோல் கே எல்லாம் ஜாஸ் ஆட்கள். அறுபதுகளின் அமெரிக்க ஹிட்களில் எக்கச்சக்கமானவற்றில் இவர்கள் வாசிப்பு இருக்கு. உறையில் பெயர் இருக்காது. டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் 'ஃபங்க் பிரதர்ஸ்' கதையும் அதே. 2002-ல் ஒரு டாக்குமென்டரி வந்த பிறகுதான் ஊருக்கே அவர்கள் முகம் தெரிந்தது. ஜாஸ் வாசிக்கிறவனுக்கு எந்த கார்டைக் கொடுத்தாலும் கை தானாகப் போகும். முக்கியமாக, எப்போது வாசிக்கக் கூடாது என்று தெரியும்.

நம்ம மெட்ராஸுக்கும் ஜாஸுக்கும் ஒட்டு உறவு இல்லாமல் இல்லை. 1958-ல் டேவ் ப்ரூபெக் இங்கே வந்தபோது, அவருடைய குழு மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறது. மாஸ்டர் இதை நேரில் பார்த்த மாதிரியே சொல்வார். கணக்குப் போட்டால், அப்போது அவர் வால்பாறையில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கணும்!

இப்போ என் சோகக் கதை. 2006 டிசம்பர். நண்பனின் அண்ணன் ஒருத்தர் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். "கிடார் ஆள் வரலை. நாளைக்குக் காலைல வர முடியுமா?" என்று போன். உக்கடத்தில் பஸ் இறங்கி, ஸ்டேஷனுக்கு ஓடி, சேரன் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில், கிடாரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூக்கம் வரலை. டைட்டில் கார்டில் என் பெயர் எந்த ஃபான்ட்டில் வரும் என்பது வரைக்கும் முடிவு பண்ணிவிட்டேன்.

ஏசி ரூம். ஸ்டாண்டில் ஒரு பேப்பர். அஞ்சு கோடு, அதன் மேல் எறும்பு மாதிரி சுரங்கள். பதினாறு பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஹெட்போனில் குரல்: "ரெடியா தம்பி? டேக் போலாமா?"

"ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க சார். கேட்டா பிடிச்சுக்குவேன்."

ஹெட்போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "தம்பி, நோட்ஸ் படிக்கத் தெரியாதா?"

தெரியாது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. முதல் மாசத்தில் இருந்தே மாஸ்டர் தலையால் அடித்துக்கொண்டார். நான்தான் எதிர்வாதம் பேசினேன். "ப்ளூஸ்ங்கிறது காதுல வரணும் மாஸ்டர். ராபர்ட் ஜான்சன் என்ன நோட்ஸ் பார்த்தா வாசிச்சாரு?" அதுக்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கு. "ராபர்ட் ஜான்சனுக்குக் கால்ஷீட் கிடையாது கண்ணு."

யாருக்கோ போன் போட்டார்கள். அரை மணி நேரத்தில் என்னைவிடச் சின்னப் பையன் ஒருத்தன் வந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி, தோளில் கிழிந்த பை. பேப்பரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தான். வாசித்தான். ரெண்டாவது டேக் ஓகே. மொத்தம் பத்து நிமிஷம். போகும்போது என்னைப் பார்த்து, "ப்ரோ, உங்க கிடார்ல ஆக்‌ஷன் ஹையா இருக்கு. சரி பண்ணிக்கோங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாசலில் டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் அந்த நாலு செகண்ட் மண்டையில் இடித்தது. பேப்பரைப் பார்த்ததும் வாசிக்கணும். அந்தக் காலத்தில் அது லைவ் ரெக்கார்டிங் வேறு. வயலின் வரிசை, புல்லாங்குழல், தபலா எல்லாரும் சேர்ந்து ஒரே டேக். கிடார்காரர் கடைசி வரியில் ஒரு சுரம் தப்பினால் அத்தனை பேரும் முதலில் இருந்து வாசிக்கணும். அத்தனை பேர் முறைப்புக்கு நடுவில், வயலின் எல்லாம் நிறுத்திக்கொண்ட மௌனத்தில், தன்னந்தனியாக நாலு செகண்ட்!

நேராக ஊருக்குப் போய் மாஸ்டர் காலில் விழுந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? சினிமாவில் அப்படித்தான் வரும். நான் அந்தச் சந்துப் பக்கமே போகலை. எதைச் சொல்லி அவர் முகத்தில் முழிக்கிறது? கிளாஸை நிறுத்திவிட்டேன். காரணம் சொல்லலை. கோயமுத்தூரில் வேறு ஓர் இடத்தில் சேர்ந்து, ஏ ஃபார் ஆப்பிள் மாதிரி முதலில் இருந்து நோட்ஸ் படித்தேன். 2008-ல் டிகிரி முடித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. பகலில் மோட்டாருக்கு டெஸ்ட் ரிப்போர்ட். ராத்திரி டிரினிட்டி கிரேடு பரீட்சைக்குப் படிப்பு. 2010-ல் வேலையை விட்டுவிட்டு சென்னை. அப்பா ஆறு மாசம் என்னோடு பேசலை. வடபழனியில் ஒரு ரூமில் நாலு பேர். அதில் ரெண்டு பேர் அசிஸ்டென்ட் டைரக்டர்கள் என்பதால் வாடகை எப்போதும் லேட்.

முதல் கால்ஷீட்டில் கைக்கு வந்தது 1,500 ரூபாய். பக்தி ஆல்பம். அதுக்கப்புறம் விளம்பர ஜிங்கிள், சீரியல் டைட்டில், டப்பிங் படத்துக்கு பிஜிஎம். நடு நடுவே சினிமாப் பாட்டு. இந்த ஊரில் மியூசிஷியன்களுக்கு ஒரு யூனியன் இருக்கு. எம்.பி.சீனிவாசன் என்ற இசையமைப்பாளர் முன்னால் நின்று உருவாக்கியது. அந்த மனுஷன் இல்லையென்றால் செஷன்காரன் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால், மாஸ்டர் காலத்துக்கும் என் காலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். எங்களுக்கு லைவ் இல்லை. நான் தனியாக வாசிப்பேன். எனக்கு முன்னால் யார் வாசித்தார்கள், பின்னால் யார் வாசிப்பார்கள், ஒன்றும் தெரியாது. காதில் கிளிக் மட்டும் டிக் டிக் என்று ஓடும். தப்பினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். வசதிதான். ஆனால், எதிரில் பாடகர் இல்லாமல் யாருக்குப் பதில் சொல்வது? உடுக்கைப் பாட்டில் பின்பாட்டுக்காரரை மட்டும் தனி ரூமில் பூட்டி வைத்த மாதிரி.

அங்கேதான் தோப்பு எனக்குக் கை கொடுத்தது. பேப்பரில் வெறுமனே கார்டு பெயர் மட்டும் எழுதி, "ஏதாவது ஃபீல் பண்ணி வாசி" என்பார்கள். புதுசாக வருகிறவன் பயத்தில் கை நிறையக் கொட்டுவான். நான் பாடகர் குரலை ஹெட்போனில் கொஞ்சம் ஏற்றச் சொல்லி, அவர் மூச்சு விடும் இடத்துக்காகக் காத்திருந்து ரெண்டே சுரம் வைப்பேன். அந்த நடு காந்தாரம் ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும், அந்தப் பக்கம் நாற்காலியில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெயர் விஷயமும் கொஞ்சம் மாறியது. ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாசித்தவர்கள் பெயரையெல்லாம் அச்சடித்தபோது, கேசட் அட்டையைப் படிக்கிற ஒரு தலைமுறையே உருவாச்சு. கீத் பீட்டர்ஸ் பேஸ் கிடார் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அதுக்குப் பிறகு வந்த கெபா ஜெரமையாவை இன்றைக்குக் காலேஜ் பசங்க அடையாளம் கண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டுமானம் படித்துவிட்டு பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போன பிரசன்னா, ராஜாவோடும் ரஹ்மானோடும் வாசித்தவர். கர்னாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிடாருக்குக் கொண்டுவந்து, ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக ஒரு முழு ஆல்பமே போட்டார். ஆனால், எல்லாரும் பிரசன்னா ஆக முடியாது. என் மாதிரி ஆட்களுக்குப் பெயர் வந்தால் லாபம், வராவிட்டால் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த போன் வராது. 2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, வாசிப்பவர்களுக்கும் உரிமை உண்டு என்றார்கள். அடுத்த வருஷமே பாடகர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எனக்கு இதுவரை கால்ஷீட் காசைத் தாண்டி ஒத்தைப் பைசா வந்ததில்லை.

2016-ல் எங்க பக்கத்துத் தென்னையில் எல்லாம் வெள்ளை ஈ வந்தது. ஓலை ஓலையாகக் கறுத்துப்போனது. அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியலை. திரும்பி வந்துவிட்டேன். இப்போது பகலில் தோப்பு, ராத்திரியில் செஷன். ஸ்டூடியோ என்பது என் பழைய பெட்ரூம்தான். ஜன்னலில் மெத்தை. சென்னையில் இருந்து டிராக் மெயிலில் வரும், வாசித்துத் திருப்பி அனுப்புவேன். ஒரே எதிரி மயில். விடியற்காலை நல்ல டேக் ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதுதான் கூரை மேல் உட்கார்ந்து அகவும். ஒரு தடவை அந்தச் சத்தத்தோடேயே ஃபைலை அனுப்பிவிட்டேன். "அந்த எஃபெக்ட் சூப்பர் ப்ரோ, எந்த ப்ளக்-இன்?" என்று கேட்டார்கள்!

ஆனால், நான் சொல்ல வந்தது அதுக்கு முன்னால், 2013 தை மாசம். அப்போது நான் சென்னையில்தான் இருந்தேன். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். மண்டபத்தில் ஒறம்பரை எல்லாம் நிறைந்திருக்கு. ஸ்பீக்கரில் அந்த வருஷத்து ஹிட் ஒன்று ஓடுது. ரெண்டாவது இன்டர்லூட். காபி டம்ளரில் இருந்து என் விரல் தானாக எழுந்தது.

"மாப்ள, இது நான்."

"எது?"

"இப்ப வந்துச்சே கிடார்..."

"அது கீபோர்டு இல்ல?" என்றான் ஒருத்தன். "படத்துல உன்ற பேரே வரலியே மாப்ள" என்றான் இன்னொருத்தன். "விடுங்கடா, மெட்ராஸ் போனா எல்லாரும் இப்படித்தான்" என்றான் மூணாவது ஆள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். என்னுடையது ஏழு செகண்ட். மாஸ்டரைவிட மூணு செகண்ட் ஜாஸ்தி.

மறுநாள் காலையில் கோட்டூர் ரோட்டுச் சந்துக்குப் போனேன். போர்டு இல்லை. கதவு திறந்திருந்தது. மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கை மடியில் கிடந்தது. கிடார் உறை போட்டுச் சுவரில் தொங்கியது. ஆறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. என்னைப் பார்த்ததும், நேற்றுத்தான் கிளாஸுக்கு வந்துபோனவனைக் கேட்கிற மாதிரி, "வா கண்ணு. சாப்ட்டியா?" என்றார். வார்த்தை கொஞ்சம் குழறியது.

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் பண்ணின மன்னிப்பு எதுவும் வாயில் வரலை. "மாஸ்டர், அன்னிக்கு அந்த நாலு செகண்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"நாலு இல்ல. நாலரை" என்றார்.

அப்புறம் இடது கையை நீட்டினார். "நீயும் ஏதோ வாசிச்சிருக்கியாமே. சர்ச் பசங்க சொன்னாங்க. போடு."

செல்போனில் பாட்டைத் தேடி, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக் கொடுத்தேன். காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். என் ஏழு செகண்ட் வந்தது. இடது கை விரல்கள் கட்டில் சட்டத்தில் கார்டு மாற்றுவது தெரிந்தது. முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கலை.

"மூணாவது பார்ல அவசரப்பட்டுட்டே."

நூறு தடவை கேட்டிருக்கேன், எனக்குத் தெரியலை. அந்த டேக்கை ஓகே பண்ணினவங்க யாருக்கும் தெரியலை.

"இன்னொருக்கா போடு" என்றார்.